ராணுவ ரெக்கார்டில் மனைவி பெயர் தப்பாக இருந்தால், கணவர் இருக்கும்போதே திருத்துங்கள்

முன்னாள் ராணுவத்தார் வீடுகளில் டிஸ்சார்ஜ் புக் (ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது தரும் சர்வீஸ் விவரப் புத்தகம்) பீரோவுக்குள் பத்திரமாகத்தான் இருக்கும். அதைத் திறந்து படித்தவர்கள்தான் குறைவு. கணவர் காலமாகி, குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப்போடும்போதுதான் அதில் மனைவி பெயர் ‘சாந்தி தேவி’ என்று இருப்பது தெரியவரும். ஆதாரில் அந்த அம்மா சாந்தா. எந்தக் கிளார்க்கோ தன் ஊர் வழக்கப்படி ‘தேவி’ சேர்த்துவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த அம்மா கலெக்டர் ஆபீசுக்கும் வங்கிக்கும் நடக்க வேண்டும். இப்படி நடப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் உயிரோடு இருந்தால் இது பெரும்பாலும் தபாலிலேயே முடிகிற வேலை. ‘இவர்தான் என் மனைவி, பெயர் இதுதான்’ என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுத்துப் பேச ஆளில்லை. அவர் போன பிறகு, தான் யார் என்று நிரூபிக்கும் சுமை முழுக்க மனைவி தலையில் விழுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை ஒவ்வொருவருடைய சர்வீஸ் ஆவணமும் அவருடைய ரெஜிமென்ட் அல்லது கோர் என்ற படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசில் இருக்கும். கல்யாணம், குழந்தை, பதக்கம், எதுவானாலும் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவு உத்தரவு போட்டால்தான் ரெக்கார்டில் ஏறும். போடாவிட்டால், ராணுவத்தைப் பொறுத்தவரை அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஓய்வுபெறும்போது ரெக்கார்டு ஆபீஸ் அனுப்பும் விவரத்தை வைத்து, தரைப்படைக்காரர்களுக்கு பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ. பென்ஷன் (ராணுவ ஓய்வூதியக் கணக்கு) அலுவலகம் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய உத்தரவைப் போடுகிறது. ஊற்று ரெக்கார்டு ஆபீஸ்தான். அங்கே தப்பென்றால் கீழே எல்லாமே தப்பு.

முதலில் எதைப் பார்ப்பது?

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதியத்துக்கான ஆன்லைன் தளம்) கணக்கு, மனைவியின் ஆதார், பான், வங்கிப் புத்தகம். எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பி, மனைவி பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் பாருங்கள், ஏனென்றால் கம்ப்யூட்டர் பார்ப்பது அதைத்தான். ‘இலட்சுமி’ என்ற ஒரே பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். நம் ஊர் இனிஷியல் அடுத்த தலைவலி. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல், பான் கார்டில் அந்த இனிஷியலே விரிந்து முழுப்பெயர். வடக்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவர்கள் மூன்று பெண்கள்.

அப்புறம் பிறந்த தேதி. பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. ‘அது எதற்கு, பெயர் இருக்கிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது முடிந்ததும் கூடுதலாக 20 சதவீதம் உண்டு. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் இன்னொரு முழு ஓய்வூதியம். பிறந்த தேதி பதிவில் இல்லாத பாட்டிக்கு வயது ஏறுவதே இல்லை. 80 தாண்டியவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ‘80 ஆனதற்கு ஆதாரம் கொண்டு வாங்க’ என்பார்கள்.

ஸ்பர்ஷில் ஒரு கண்ணி இருக்கிறது. வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு மாற்றப்பட்டவர்களிடம், விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்யச் சொல்லித் திரை வரும். பெரும்பாலானோர் பிரவுசிங் சென்டரில் யாரோ ஒரு தம்பியிடம் கார்டைக் கொடுத்து ‘எல்லாத்துக்கும் ஓகே போடுப்பா’ என்றுவிட்டார்கள். தப்பான பெயருக்கும் சேர்த்து ஓகே போய்விட்டது. பிறகு திருத்தக் கேட்டால், ‘நீங்களே உறுதி செய்த விவரம்தானே’ என்று பதில் வரும். அதற்காகப் பயப்பட வேண்டாம், திருத்தலாம். இன்னும் உறுதி செய்யாதவர்கள் மனைவி, பிள்ளைகள் பகுதியைப் படித்துவிட்டு விரலை வையுங்கள்.

யாரிடம் எழுதுவது?

வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. ஸ்பர்ஷ் வந்த பிறகு பணம் வந்து விழும் கணக்கு மட்டும்தான் அங்கே. இது தெரியாத கவுன்டர்க்காரர் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பிரயாக்ராஜுக்கு நேரே எழுதினாலும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக வரச்சொல்லித்தான் பதில் வரும்.

எழுத வேண்டியது அவரவர் ரெக்கார்டு ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். எம்.இ.ஜி.க்கும் (மெட்ராஸ் பொறியாளர் பிரிவு) ஏ.எஸ்.சி.க்கும் (சப்ளைப் பிரிவு) பெங்களூரு. இ.எம்.இ.க்கு (இயந்திரப் பராமரிப்புப் பிரிவு) செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கடிதத்தில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், பி.பி.ஓ. எண் நான்கும் மேலேயே இருக்கட்டும். நம்பர் இல்லாத கடிதம் போன இடம் தெரியாது.

டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் பிரிவில் இரண்டாவது தடவை வேலை பார்த்தவர்களுக்கு ரெக்கார்டு இரண்டு. ஒன்று பழைய ரெஜிமென்டில், இன்னொன்று கண்ணூரில் உள்ள டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸில். ஒன்றில் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் இன்னொன்றில் மாட்டுகிறார்கள்.

இடையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. அவர்களால் ரெக்கார்டை மாற்ற முடியாது. சரிபார்த்து, முத்திரை வைத்து, மேலே அனுப்புவார்கள். ஆனால் அந்த முத்திரை இல்லாமல் போகும் விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்பு அதிகம், அதனால் அவர்கள் வழியாகவே அனுப்புங்கள். ‘அனுப்பிட்டோம்’ என்று வாயால் சொன்னால் எழுந்து வராதீர்கள். எந்தத் தேதியில், எந்த டெஸ்பாட்ச் நம்பரில் போனது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த நம்பர் இல்லாமல் கேட்டால், கடிதம் மேஜையிலா, தபாலிலா, ரெக்கார்டு ஆபீசிலா என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு பிரதியை நீங்களே ஸ்பீடு போஸ்டில் நேராக அனுப்பி வையுங்கள்.

பேப்பர்களில் எங்கே மாட்டுவீர்கள்?

வழக்கமாகக் கேட்பவை: விண்ணப்பம், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ, டிஸ்சார்ஜ் புக் மற்றும் பி.பி.ஓ. நகல், ஆதார், பான், திருமணச் சான்று, பிரமாணப் பத்திரம். பெயரே வேறு என்றால் பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள், ஒரு ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும்.

பிரமாணப் பத்திரத்தில்தான் பணம் வீணாகிறது. தெருமுனையில் நோட்டரி முத்திரை வாங்கி அனுப்புவார்கள். சில மாதம் கழித்து, ‘முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுத்தது வேண்டும்’ என்று கடிதம் வரும். பத்திரம் போடும் முன்பே ரெக்கார்டு ஆபீசுக்குப் போன் செய்து அவர்களுடைய மாதிரிப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குறையாகச் சொல்லித் திருப்பி அனுப்புவது சில இடங்களில் பழக்கமாகிவிட்டது. முதல் தடவை போட்டோவில் அட்டஸ்டேஷன் இல்லை, இரண்டாம் தடவை தேதி இல்லை. திரும்பி வந்தால், ‘உள்ள எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் தெரிவிக்கவும்’ என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள்.

எதை மாற்றுவது என்பதிலும் யோசனை வேண்டும். ஒன்றிரண்டு எழுத்து வித்தியாசம்தான் என்றால், ரெக்கார்டில் உள்ளபடியே ஆதாரை மாற்றிக்கொள்வது சுலபம். ஆனால் ஆதாரில் பெயர் மாற்றம் வாழ்நாளில் இரண்டு தடவை, பிறந்த தேதி ஒரே ஒரு தடவை. அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். முதலில் ரெக்கார்டில் சரியாக என்ன இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிவிட்டு, பிறகு ஆதார் மையத்துக்குப் போங்கள்.

அதை எழுத்தில் வாங்க தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) போதும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘ஏன் திருத்தவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குச் சுற்றிவளைத்துத்தான் பதில் வரும். ‘என் சர்வீஸ் ஆவணத்தில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் என்னவென்று பதிவாகியுள்ளன, அதற்கான பார்ட் டூ ஆர்டர் எண், தேதி, நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். பாதி நேரம், ஆர்டர் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், பி.பி.ஓ.வில்தான் தட்டச்சுப் பிழை இருக்கும். அப்படியென்றால் பிரமாணப் பத்திரமே தேவைப்படாமல் போகலாம்.

ஆதாரில் 01-01 என்று பிறந்த நாள் இருக்கும் அம்மாக்கள் ஏராளம். பிறந்த தேதிக்கு ஆதாரை மட்டும் நம்பாதீர்கள், அது பிறந்த தேதிக்கான சான்று இல்லை என்று ஆதார் ஆணையமே சொல்லிவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதுதான் பலம். இல்லையென்றால் பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கும்படி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கணவருடைய சொந்தப் பிறந்த தேதியை ஓய்வுக்குப் பிறகு மாற்றித் தரமாட்டார்கள். அதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட் ஏமாற்றுகிறார்.

முதல் மனைவி காலமாகி மறுமணம் செய்தவர்கள் இன்றே எழுதுங்கள். ரெக்கார்டில் இன்னும் முதல் மனைவிதான் இருப்பார். அவருடைய இறப்புச் சான்றும் இரண்டாவது திருமணப் பதிவுச் சான்றும் வேண்டும். நிரந்தர ஊனமுள்ள பிள்ளை இருந்தால் அந்தப் பெயரையும் இப்போதே பி.பி.ஓ.வில் சேர்க்க விண்ணப்பியுங்கள். பெற்றோர் இருவரும் போன பிறகு அந்தப் பிள்ளைக்காக அலைய யார் இருப்பார்?

கணவர் ஏற்கெனவே காலமாகிவிட்டால், அவசரமாக வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுக்கும் நேரத்தில்தான் புதுக் குழப்பம் பிறக்கிறது. வீட்டில் கூப்பிடும் பெயரை யாரோ சொல்ல, அது சான்றிதழில் ஏறிவிடும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டுக்கும், ரெக்கார்டில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே எழுதிக் கொடுங்கள். ஆர்.டி.ஐ. போடுவது மனைவி என்றால் இறப்புச் சான்று, பி.பி.ஓ. நகலை இணையுங்கள். இல்லாவிட்டால் ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மறுத்துவிடுவார்கள்.

பதக்கங்கள்

பதக்கம் விட்டுப்போனதற்கும் வழி இதேதான். 1971 போரில் இருந்தவருக்கு பூர்வி ஸ்டாரோ சங்க்ராம் மெடலோ டிஸ்சார்ஜ் புக்கில் ஏறாமல் இருந்தால், மார்பில் பதக்கம் குத்திய போட்டோவை ஆதாரமாக அனுப்பிப் பயனில்லை. எந்த யூனிட், எந்தக் காலம், எங்கே இருந்தார் என்று எழுதி, பார்ட் டூ ஆர்டரைத் தேடச் சொல்லுங்கள். இந்தப் போர்ப் பதக்கங்களுக்கு மத்திய அரசின் மாதப் படி கிடையாது. வீர விருதுகளுக்கு உண்டு: வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய், சேனா மெடலுக்கு 2,000 ரூபாய். ஆனால் சேனா மெடல் வீரத்துக்காகக் கொடுத்ததாக இருக்க வேண்டும், கடமையைப் பாராட்டிக் கொடுத்த சேனா மெடலுக்குப் படி இல்லை. ரெக்கார்டில் வெறுமனே ‘சேனா மெடல்’ என்று இருந்தால், எதற்கான மெடல் என்று அரசிதழ் அறிவிப்பைக் காட்டித் தெளிவாக்குங்கள். ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம் என்பதால், அவர்கள் தள்ளிப்போட்டால் தேட எதுவும் மிஞ்சாது.

அசல் டிஸ்சார்ஜ் புக்கை யார் கேட்டாலும் தபாலில் அனுப்பாதீர்கள். எழுத்தில் கேட்டால் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எல்லாம் கொடுத்தும் மறுத்துவிட்டால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. மறுப்பு உத்தரவிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். அதனால் மறுப்புக் கடிதம் வந்த கவரையும், அதிலுள்ள தபால் முத்திரை கிழியாமல், கடிதத்தோடு சேர்த்தே வைத்திருங்கள்.