கை மறக்காத மூலை

தங்கச்சிமடத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன வாரம் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டார். “தம்பி, பத்து வருசத்துக்கு மேல கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறேன். போன மாசம் விண்டோஸ் 11-க்கு அப்டேட் ஆனதுலருந்து எல்லாம் இடம் மாறிக் கெடக்கு. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் சொல்லிருவேன். ஆனா கை மட்டும் பழைய இடத்துக்கே போயி நிக்கிது. வருமானச் சான்று, சாதிச் சான்றுன்னு வாசல்ல பத்துப் பேரு நிக்கிறாங்க. எனக்கு வயசாயிருச்சா, இல்ல புத்தி மழுங்கிருச்சா?”

இரண்டும் இல்லை. அவர் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது: அவருக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. மூளையில் இந்த இரண்டும் வேறு வேறு இடங்களில் பதிகின்றன.

பாம்பன் தெற்குவாடிப் பக்கம் வலையில் பொத்தல் கட்டும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாய் ஊர்க்கதை பேசும், கண் கடலில் இருக்கும், வலை ஊசி தன்பாட்டுக்குக் கண்ணுக்குக் கண் ஏறி இறங்கும். ஒருமுறை ஒரு தாத்தாவிடம் முடிச்சு போடும் முறையைச் சொல்லித்தரக் கேட்டேன். சொல்லத் தொடங்கியதும் அவர் கை நின்றுவிட்டது. “பேச்சக் குடுத்துக் கையக் கட்டிட்டியேப்பா” என்றார். வாயால் சொல்லக்கூடிய அறிவு அவரிடம் அந்த முடிச்சைப் பற்றி மிகக் குறைவு. கையில் இருப்பதோ ஐம்பது வருட அறிவு.

இந்தப் பிரிவை உறுதிப்படுத்தியவர் ஒரு நோயாளி. எச்.எம். என்ற எழுத்துகளால் அறியப்பட்ட ஹென்றி மொலேசனுக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தபோது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு போய்விட்டது. அதன்பின் எந்தப் புதிய நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கையைப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஓரத்தோடு கோடு இழுக்கச் சொன்னார். மறுநாள் அந்தப் பயிற்சி நடந்ததே மொலேசனுக்கு நினைவில்லை. ஆனால் கோடு முந்தைய நாளைவிட நேராக வந்தது, அதற்கு மறுநாள் இன்னும் நேராக. அவருக்குத் தெரியாமலே அவர் கை கற்றுக்கொண்டிருந்தது. மூளையின் உள்ளாழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற பகுதியும் சிறுமூளையும் இந்த வகைக் கற்றலில் பெரும்பங்கு வகிக்கின்றன. அவை சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை, திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் கட்டுப்படும். ‘இனிமேல் பொத்தான் அங்கே’ என்று நாமே நமக்கு நூறு முறை சொல்லிக்கொண்டாலும் கைக்கு அது எட்டாது.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த இடம், திரையின் மூலை.

1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். இரண்டு உலோகத் தகடுகள், கையில் ஒரு கோல். இதைத் தட்டி, அதைத் தட்டி, மறுபடி இதைத் தட்டி, முடிந்த வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தகட்டின் அகலத்தை 2 அங்குலத்திலிருந்து கால் அங்குலம் வரை குறைத்தார். தகடுகளுக்கு இடையிலான தூரத்தை 2 அங்குலத்திலிருந்து 16 அங்குலம் வரை கூட்டினார். தூரம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி ஆகவில்லை. நேரம் ஒரு குறிப்பிட்ட சிறு அளவு, ஒரு படிதான் கூடியது. இன்னும் ஒருமுறை இரட்டித்தால் இன்னும் ஒரே ஒரு படி. தூரத்தை விட்டுவிட்டுத் தகட்டின் அகலத்தைப் பாதியாக்கினாலும் அதே ஒரு படி கூடியது. பள்ளியில் படித்த மடக்கை (லாகரிதம்) இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. கைக்குத் தூரமும் குறுகலும் ஒரே தராசில் நிற்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஏன் அப்படி? அதற்கு இன்னும் பின்னால், 1899-க்குப் போக வேண்டும். ராபர்ட் உட்வொர்த் என்பவர் கையின் வீச்சு இரண்டு துண்டுகளாக இருப்பதைக் கண்டார். முதலில் குறியை நோக்கி ஒரே எறி. அதில் கண்ணுக்கு வேலை குறைவு. பிறகு, குறியை நெருங்கும்போது கண் பார்த்துச் சொல்ல, கை தன்னைத் திருத்திக்கொள்ளும் நிதானமான பகுதி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கிறது. குறி சின்னதாக ஆக, இந்த இரண்டாம் பகுதி நீள்கிறது.

நாட்டுப்படகைக் கரை சேர்க்கும் இரண்டு விதங்களை நினைத்துப் பாருங்கள். விசைப்படகுகள் நெருக்கமாக நிற்கும் இறங்குதளத்தில் இரண்டு படகுக்கு நடுவே நுழைந்து கட்ட வேண்டுமானால், தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒருவர் முன்னால் நின்று கழியால் தள்ளி, இப்படி அப்படி என்று நகர்த்தித்தான் சேர்க்க முடியும். அதே படகை வெறும் மணல் கரையில் ஏற்றுவதானால் இந்தக் கவலை இல்லை. வந்த வேகத்தில் ஏறட்டும், மணல் நிறுத்திக்கொள்ளும்.

திரையின் ஓரம் அந்த மணல் கரை. மவுஸ் சுட்டியை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அது ஓரத்தைத் தாண்டாது. மூலையோ இரண்டு பக்கமும் கரை உள்ள இடம். பொத்தான் கண்ணுக்கு நகத்தளவு தெரியலாம், கைக்கு அது எல்லையில்லாத அகலம். திருத்திக்கொள்ளும் இரண்டாம் பகுதியே தேவைப்படாமல் போகிறது, எறிந்தால் போதும். 1984-இல் வந்த மெக்கின்டாஷ் தன் மெனுவைத் திரையின் மேல்விளிம்பில் ஒட்டி வைத்ததில் இந்த லாபம் இருந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 தன் ஸ்டார்ட் பொத்தானை இடது கீழ் மூலையில் வைத்தது. அதன்பின் நம்மூர்ப் பள்ளிக்கூட ஆய்வகம் முதல் தாலுகா அலுவலகம் வரை ஒரு தலைமுறையின் கை அந்த மூலையைப் பார்த்தே வளர்ந்தது.

2012-இல் விண்டோஸ் 8 அந்தப் பொத்தானை எடுத்தது. எதிர்ப்பு வந்தது. 2013-இல் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2021-இல் விண்டோஸ் 11 அதைப் பிற ஐகான்களோடு சேர்த்துக் கீழ்வரிசையின் நடுவில் வைத்தது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. திரைகள் அகலமாகிவிட்டன, நடுவில் இருந்தால் தூரம் குறையும். ஆனால் தூரம் இரட்டித்தாலும் நேரம் ஒரு படிதான் கூடும் என்று பார்த்தோம். கீழ்ப்பக்கம் இன்னும் கரை இருக்கிறது, பக்கவாட்டில்தான் கரை போய்விட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வரிசை நடுவில் நிற்பதால், புதிதாக ஒரு செயலியைத் திறந்தால் வரிசை நீண்டு, ஸ்டார்ட் பொத்தான் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போகிறது. மூடினால் திரும்பி வருகிறது. ஒவ்வொரு படகு வந்து கட்டும்போதும் நம் படகின் இடமும் நகர்ந்தால், கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இடம் மாறாமல் இருந்தால்தானே கை படிக்கும்?

ஃபிட்ஸ் இந்தச் சிக்கலை வானத்தில் முன்பே பார்த்திருந்தார். இரண்டாம் உலகப்போர் விமானிகள் கருவிகளைக் கையாள்வதில் செய்த 460 தவறுகளை அவரும் ரிச்சர்ட் ஜோன்ஸும் தொகுத்து 1947-இல் அறிக்கை தந்தார்கள். அவற்றில் பாதி, ஒரு நெம்புகோலுக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்த தவறுகள். பி-25 விமானத்தில் மூன்று நெம்புகோல்கள் த்ராட்டில், புரொப்பெல்லர், எரிபொருள் கலவை என்ற வரிசையில் இருந்தன. சி-47-இல் புரொப்பெல்லர் முதலில், த்ராட்டில் நடுவில். சி-82-இல் கலவை முதலில், புரொப்பெல்லர் கடைசியில். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் என்ன செய்யும்? ‘விமானியின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடாமல், நெம்புகோலின் இடத்தைக் கேள்வி கேட்டது அந்த அறிக்கை.

நம்மிடம் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. இயந்திரம் மாறித் தடுமாறினால், ‘வயசானவங்களுக்கு வராது’, ‘பொம்பளைங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது’ என்கிறோம். படகில் எலுமிச்சம்பழம் கட்டுவதை மூடநம்பிக்கை என்று பேசுகிற படித்தவர்கள்கூட இதைக் கூசாமல் சொல்கிறார்கள். எலுமிச்சம்பழம் யாரையும் அவமானப்படுத்துவதில்லை. இந்த நம்பிக்கை ஒரு பெண்ணைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைத்திருக்கிறது. பத்து வருடம் ஊறிய கைதான் அதிகம் தடுமாறும், நேற்று வந்தவருக்கு மறக்க எதுவுமில்லை. இங்கே கணினி வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினியே கொடுத்த மாநிலம் இது. அதில் ஒரு சிறு பங்கை எடுத்து, மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு சேவை மையத்தில் ஓர் ஆய்வு மாணவரை ஸ்டாப்வாட்சோடு ஆறு மாதம் உட்கார வைத்தால் என்ன? ஃபிட்ஸுக்குத் தேவைப்பட்டது இரண்டு தகடுகளும் ஒரு கோலும்தான்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் டாஸ்க்பார் பகுதிக்குப் போய் வரிசையை இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். பொத்தான் பழைய மூலைக்கு வந்துவிடும். வலது சொடுக்கில் பழைய நீள மெனு வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள். விசைப்பலகைக் குறுக்குவழிகளையும் கைக்குப் பழக்குங்கள். விண்டோஸ் விசையோடு ஈ அழுத்தினால் கோப்புகள் திறப்பது 1995-இலிருந்து மாறவில்லை. விசைப்பலகையை எந்த அப்டேட்டும் நகர்த்த முடியாது.

பொத்தானைப் பழைய இடத்துக்கு நகர்த்த முடியாத நிலையென்றால் பொறுமைதான் வழி. புதுப் பழக்கம் பழையதை அழிப்பதில்லை, அதன்மேல் படிகிறது. அதனால்தான் நிதானமாக இருக்கும்போது சரியாகப் போகும் கை, வாசலில் கூட்டம் கூடினால் பழைய மூலைக்கு ஓடுகிறது. இதை அக்காவிடம் சொன்னபோது, “அப்ப மீன்பிடித் தடைக்காலத்துல கூட்டமா வாறவங்கள ரெண்டு நிமிசம் உக்காரச் சொல்லணும்” என்றார். அவர் மகனோ புது அமைப்பிலேயே பழகியவன். பொத்தானை இடப்பக்கம் மாற்றினால் தன் கை தப்பும் என்றான். கணினியில் இப்போது இரண்டு பயனர் கணக்குகள் இருக்கின்றன. அம்மாவுடையதில் பொத்தான் மூலையில், மகனுடையதில் நடுவில்.