கெய்சன்

ஆற்றுக்குள் பாலத்தூண் எழுப்ப வேண்டுமானால், அடிப்பக்கம் திறந்த பெரிய கூடு ஒன்றைப் படுகையில் நிறுத்துவார்கள். உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட அது தன் எடையிலேயே இறங்கும். வேண்டிய ஆழம் வந்ததும் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டால் அதுவே அடித்தளம். இந்தக் கூட்டின் பெயர்தான் கெய்சன்.

சொல் பிரெஞ்சுக்குரியது, பெரிய பெட்டி என்று பொருள். வெடிமருந்துப் பெட்டி வண்டிக்கும் இதே பெயர் உண்டு. மூலம் 'காப்சா' என்ற இலத்தீன் சொல். நாம் விழுங்கும் கேப்சூலும் அந்த வழியில் வந்ததுதான்.

செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் ரயிலும் வண்டிகளும் செல்ல 1874இல் திறக்கப்பட்ட ஈட்ஸ் பாலம், இந்தச் சொல்லை மருத்துவத்துக்குள்ளும் கொண்டுபோனவற்றுள் ஒன்று. அதைக் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ், மூழ்கிய படகுகளின் சரக்கை மீட்க ஆற்றின் அடிவரை இறங்கியவர். வெள்ளத்தில் படுகை மணலே நகர்வதை நேரில் அறிந்ததால், தூண்கள் பாறையில்தான் ஊன்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மேலே மூடிய கெய்சனுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, அந்த அழுத்தம் தண்ணீரைத் தடுத்து நிறுத்த, ஆட்கள் உள்ளே நின்று தோண்டினார்கள். வேலை முடித்துச் சட்டென வெளிக்காற்றுக்கு வந்தவர்களின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாயின. மூட்டுவலி, பக்கவாதம்; பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் 'கெய்சன் நோய்' என்றே பெயர் வந்தது.

தமிழில் கெய்சனை 'நீர்புகாப் பெட்டி' என்று எழுதுவது தவறு என்பேன். மேலும் கீழும் திறந்த கெய்சனில் தண்ணீர் உள்ளேயே நிற்கும். காற்றழுத்தக் கெய்சனில் நீரைத் தடுப்பது காற்று. பெட்டிக்கு அடியே கிடையாது.

நம்மிடம் இதற்குச் சொல் பழையதாகவே இருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் கிணறு வெட்டும்போது உறை இறக்குவதும் இதே முறைதான். கீழடியில் கிடைத்தவை சுடுமண் உறைகிணறுகள். பட்டினப்பாலை 'உறைக்கிணற்றுப் புறச்சேரி' என்கிறது. இந்திய ரயில் பாலங்கள் பலவற்றின் அடித்தளத்தைப் பொறியாளர்கள் இன்றும் 'வெல் பவுண்டேஷன்', அதாவது கிணற்று அடித்தளம் என்றே சொல்கிறார்கள்.

ஆகவே கெய்சனுக்கு 'உறை' போதும். மேலே திறந்தது திறந்த உறை, மூடியது காற்றழுத்த உறை. வாக்கியத்தில்: 'நடு ஆற்றில் மூன்றாம் தூணுக்கு உறை இறக்குகிறார்கள்.'