கடுவன் பூனை முக்கினால் மலச்சிக்கல் என்று நினைக்காதீர்கள்

“டாக்டர், பூனைக்கு மலச்சிக்கல். நேற்றிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் முக்குகிறது.”

இப்படி யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கடுவனா பெட்டையா என்பதுதான். கடுவன் என்றால் வரிசையில் காத்திருப்பவர்களிடம் சொல்லிவிட்டு அதை முன்னால் எடுத்துவிடுவேன். அடிவயிற்றில் கை வைத்தால் பல தடவை எலுமிச்சம்பழம் போல இறுகிப்போன மூத்திரப்பைதான் தட்டுப்படும்.

கடுவனின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. பொடி மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்கின்றன. சிறுநீர் வெளியேறாததால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. அது ஏற ஏற இதயத் துடிப்பு குறைந்து, கடைசியில் நின்றே போகும். முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் உயிர் போய்விடலாம்.

அடிக்கடி தட்டுக்குப் போகும், சொட்டுச் சொட்டாக வரும் அல்லது எதுவுமே வராது. கத்தும், பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வாந்தி எடுத்து, ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடக்கூடும். நாங்கள் முதலில் டிரிப்ஸ் ஏற்றி இதயத்தைச் சீராக்கிவிட்டு, மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு அடைப்பை எடுப்போம். ஓரிரு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருக்கும். பிழைத்த பூனைக்கு இது திரும்பவும் வரலாம். அதனால் ஈரமான உணவும் நிறையத் தண்ணீரும் பழக்கிவிடுங்கள்.

ஒரு குடும்பம் இரண்டு நாள் மலமிளக்கி கொடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கொண்டுவந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை, இராத்திரி பகலாகப் பக்கத்திலேயே இருந்தவர்கள். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூனை வலியை மறைத்துக்கொள்ளும். ஆகவே அதன் முகத்தைவிட மணல் தட்டும் சாப்பாட்டுக் கிண்ணமும்தான் அதிகம் பேசும். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்துவிடும். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். இதற்கு முக்கியமான மருந்தே சாப்பாடுதான், தேவைப்பட்டால் குழாய் வழியாகவாவது உள்ளே போயாக வேண்டும். பிடிவாதம் பிடிக்கிறது, பசித்தால் தானே வரும் என்று விட்டுவிடாதீர்கள்.

வயதான பூனை வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்து, அதிகம் சிறுநீர் கழித்து, மெலிந்துகொண்டே வந்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதிக்க வேண்டும்.

குட்டிகள் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய். நேற்று ஓடி விளையாடிய குட்டி இன்று காய்ச்சலில் துவண்டு, வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும். வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். வைரஸைக் கொல்ல நேரடி மருந்து இல்லை. டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் மருந்து, மற்றக் கிருமிகள் தொற்றாமலிருக்க ஆன்டிபயாடிக் என்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறோம். அந்த வைரஸ் வீட்டில் பல மாதங்கள் உயிரோடிருக்கும், சோப்புத் தண்ணீருக்கு அசையாது. தடுப்பூசி நன்றாகக் காக்கிறது: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3–4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் முடியும்வரை. முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். தயவுசெய்து முடித்துவிடுங்கள்.

அப்புறம், காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைக் குடித்துவிடும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கும். மாற்றுமருந்து உண்டு, ஆனால் முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் நல்ல பலன். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திட்டுவோமோ என்று மறைக்காமல் வந்தவுடன் சொல்லிவிடுங்கள்.

தூங்கும் பூனையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தொடர்ந்து 30-க்கு மேல் இருந்தால் அன்றே காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கிளம்புங்கள். துரத்திப் பிடிக்காமல், அது படுத்திருக்கும் துணியோடு மெதுவாகக் கூடையில் எடுத்து வையுங்கள்.