ஜன்னலை மாற்றுவதற்கு முன் எவ்வளவு திறக்கும் என்று கேளுங்கள்

சென்னையில் முப்பது நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளும் ஃபிளாட்டுகளும் இப்போது வரிசையாகப் புதுப்பிக்கப்படுகின்றன. "மர ஜன்னல் எல்லாம் கரையான் அரிச்சிடுச்சு, மழை வந்தா கதவு சாத்தவே முடியல, யுபிவிசி போட்டுடலாமா சார்?" என்றுதான் பெரும்பாலும் என்னிடம் பேச்சு ஆரம்பிக்கும். யுபிவிசி என்பது கெட்டியான பிளாஸ்டிக் சட்டம். அப்புறம் எந்தக் கம்பெனி, சதுர அடி என்ன ரேட், வெள்ளையா மர நிறமா என்று போகும். புது ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் முதலில் பேச நினைப்பது அதைத்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை, 120 சதுர அடி. அதில் ஐந்துக்கு நான்கு அடி மர ஜன்னல். கதவுகளை வெளிப்பக்கம் தள்ளினால் சட்டமும் கம்பியும் போக மீதி முழுதும் திறப்பு, கிட்டத்தட்ட 20 சதுர அடி. அதே இடத்தில் ஸ்லைடிங் வைத்தால் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும், 10 சதுர அடி. "3 டிராக் போடுறோம் சார்" என்பார்கள். இரண்டு கண்ணாடிக்கு இரண்டு டிராக், கொசுவலைக்கு ஒரு டிராக். அதிலும் பாதிதான். அந்தப் பாதியிலும் வலை நிற்பதால் காற்று இன்னும் குறையும்.

குடியிருப்புகளுக்கென்று மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. சென்னை போல வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களுக்கு, திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் தரைப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது அது. ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு எல்லாம் சேர்த்து மொத்த வீட்டுக்கும் பார்க்கிற கணக்கு. குளிர் பிரதேசத்துக்கு 8.33 சதவீதம் போதும். பழைய வீட்டில் ஜன்னல் மாற்றுகிறவரிடம் வந்து யாரும் இதைச் சோதிக்கப் போவதில்லை. ஆனால் அளவுகோல் நல்ல அளவுகோல். மேலே சொன்ன அறையைத் தனியாக எடுத்துக்கொண்டால், மர ஜன்னலோடு அது கிட்டத்தட்ட தேறிவிடும். ஸ்லைடிங்கில் பாதி மார்க்தான்.

"ஏசி இருக்கே, காத்து எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. மார்கழி, தை மாத இரவுகளில் ஏசி வேண்டாம். கரண்ட் போனால் ஏசி ஓடாது. கோடையில் மதிய வாக்கில் கடல்காற்று ஏறும் ஊர் இது; கிழக்கு, தென்கிழக்கு பார்த்த ஜன்னலைப் பாதியாக அடைத்துவிட்டு ஏசிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் படுக்கையறைக்கும் கூடத்துக்கும், பழைய மர ஜன்னல் போலக் கீலில் கதவாகத் திறக்கும் ஓப்பனபிள் வகைதான் என் சிபாரிசு. வெளியே கதவு திறக்க இடமில்லாத பால்கனி, நடைபாதைப் பக்கம் மட்டும் ஸ்லைடிங். ஓப்பனபிளில் சிக்கல் கிரில்தான். கதவு வெளிப்பக்கம் திறந்தால் கிரில் உள்பக்கம்தான் வர முடியும். கம்பிக்கு நடுவே கைவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். கம்பி இடைவெளி அதற்குத் தக்கபடி இருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே பாருங்கள். கொசுவலையை கிரிலுக்கு உள்ளே, அறைக்குள் திறக்கும் தனி ஷட்டராகப் போடலாம். கிரிலை ஜன்னல் சட்டத்தில் திருகாமல் சுவரில் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு ஜன்னல் கிரிலாவது பூட்டித் திறக்கிற மாதிரி இருக்கட்டும். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. மாற்றத்தான் வேண்டுமா? பர்மா தேக்கு நிலையும் கதவும் உள்ள பழைய வீடுகளில் பல நேரம் கீழ்ச்சட்டம் மட்டும்தான் உளுத்திருக்கும். நல்ல ஆசாரி கிடைத்தால் அதை மட்டும் மாற்றி, கதவை இழைத்து, கீல் புதிதாகப் போட்டு, பெயின்ட் அடித்துவிடலாம். "பழசை நாங்களே எடுத்துக்கிறோம் சார், உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்ல" என்று யாராவது ரொம்பப் பரிவாகச் சொன்னால், அந்த மரத்தை ஒருமுறை கீறிப் பார்த்துவிடுங்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. சூட்டுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா என்பது அடுத்தது. வெறும் தெளிந்த கண்ணாடியை இரண்டடுக்காகப் போட்டாலும் வெயில் பெரும்பகுதி அதன் வழியாக உள்ளே வந்துவிடும். நம் ஊரில் முதலில் தடுக்க வேண்டியது நேர் வெயிலை. தெற்குச் சுவருக்கு மேலே உள்ள சன்ஷேடே போதும். மேற்குச் சுவரில் மாலை வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடு உதவாது. அங்கே ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். உள்ளே போடும் திரை அந்த வேலையைச் செய்யாது, ஏனென்றால் வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. தட்டி கட்ட முடியாத மாடி என்றால் வெயில் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி கேளுங்கள். நாள் முழுக்க ஏசி ஓடுகிற அறை என்றால் இரட்டைக் கண்ணாடியை யோசிக்கலாம்.

யுபிவிசி வாங்கும்போது சட்டத்துக்குள் இரும்புக் குழாய் இருக்கிறதா என்பது முக்கியம். அது இல்லாத சட்டம் பெரிய அளவுகளில் வளையும். ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள், இரும்பு இருந்தால் இழுப்பு தெரியும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலோரம் என்றால் சட்டத்தைவிடக் கீல், பூட்டு, திருகுதான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். அலுமினியமும் மோசமில்லை, பவுடர் கோட்டிங் ஒழுங்காக இருந்தால் நன்றாகவே உழைக்கும். உடைந்தால் ஆபத்து வரக்கூடிய தாழ்வான பெரிய கண்ணாடிகள் டஃபன்டாக, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியாக இருக்க வேண்டும். மூலையில் அதற்கான முத்திரை இருக்கும்.

கொட்டேஷன்களைச் சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பழைய நிலையைப் பெயர்ப்பது, உடைந்த பூச்சைச் சரிசெய்வது, பெயின்ட், மாடிக்குச் சாரம், இவை யார் கணக்கு? பழைய நிலையை அப்படியே விட்டு அதற்குள் புது ஜன்னல் பொருத்தினால் வேலை சுலபம், ஆனால் நான்கு பக்கமும் திறப்பு சுருங்கும். கரையான் பிடித்த நிலை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைசியாக மழை. வடகிழக்குப் பருவமழை காற்றோடு அடிக்கும்போது ஸ்லைடிங் டிராக்கில் தண்ணீர் தேங்கும். அது வெளியேற டிராக்கின் அடியில் துளைகள் உண்டு. சிமென்டோ சிலிக்கானோ அந்தத் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் அறைக்குள்தான் வரும். ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், மீதிப் பணம் கொடுக்கும் முன், வெளியே இருந்து ஹோஸ் பைப்பில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஐந்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லி, நீங்கள் உள்ளே நின்று பாருங்கள். எங்கே கசிகிறது என்று சாக்பீஸால் குறித்து, அதைச் சரிசெய்த பிறகு செக் கொடுங்கள்.