எலும்புப்புரை: ஒரு சொல் விளக்கம்

பினாங்கில் ஐம்பதைத் தாண்டிய அம்மாமார் கிளினிக்கை விட்டு வெளியே வரும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “எலும்பு தேஞ்சு போச்சாம்.” முழங்கால் வலித்தாலும் தேய்மானம், ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தாலும் தேய்மானம். இரண்டும் வேறு வேறு நோய். மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்தால் வலிக்கும். அடர்த்தி குறையும் நோயான ஆஸ்டியோபோரோசிஸ் எலும்பு முறியும்வரை பெரும்பாலும் சத்தமே போடாது.

கிரேக்க மொழியில் ‘ஆஸ்டியோன்’ எலும்பு, ‘போரோஸ்’ துளை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பர்க் மருத்துவர் ழான் லோப்ஸ்டைன் வைத்த பெயர் இது. தமிழில் எலும்புப்புரை. புரை என்றால் உட்டுளை. ‘புரையோடிய புண்’ என்கிறோமே, அந்தப் புரை. குறளின் ‘புரைதீர்ந்த’ என்பதில் அதுவே குற்றம் என்ற பொருளில் வருகிறது. கறையான் அரித்த சன்னல் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே பெயிண்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். மலாயில் சொல்லும் ‘துலாங் ராப்போ’, நொறுங்கும் எலும்பு, விளைவைத்தான் சொல்கிறது. புரை காரணத்தையே காட்டிவிடுகிறது.

எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது தளர்கிறது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அடர்த்தி 20 விழுக்காடு வரை குறையலாம். 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி டி-ஸ்கோர் (இளவயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்ட மதிப்பு) -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. -1க்கும் -2.5க்கும் இடைப்பட்டது ஆஸ்டியோபீனியா. அதை எலும்பு மெலிவு எனலாம்.

‘தேய்மானம்’ என்ற சொல்லால் வரும் வம்பு இங்கேதான். தேய்வதாக நினைப்பவர் டயரை மிச்சப்படுத்துவதுபோல் நடையைக் குறைத்துவிடுகிறார். எலும்போ சுமை ஏறினால்தான் கெட்டிப்படும். நடை, படி ஏறுதல், சிறு எடை தூக்குதல் எல்லாம் உதவும். நீச்சல் இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவாக இல்லை. பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் படிகள் நல்ல பயிற்சிதான். ஆனால் முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது. மழை நாளில் இறங்குவது யாருக்குமே ஆபத்து.

ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு மலேசியப் பரிந்துரை நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம். ஒரு கிளாஸ் பாலில் (250 மில்லி) ஏறக்குறைய 300 கிடைக்கும். தே தாரேக்கை, அதாவது டின்பால் ஊற்றி ஆற்றிய டீயை, அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டின்னில் ‘கிரீமர்’ என்றிருந்தால் பாலைவிடச் சர்க்கரையும் பாமாயிலும்தான் கூடுதல். நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியம் உண்டு, உப்பும் உண்டு. உப்பு மிஞ்சினால் சிறுநீரில் கால்சியம் வெளியேறும். அதனால் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி அலசிச் சமைக்க வேண்டும். தௌஹு (டோஃபு) வாங்கும்போது லேபிளில் கால்சியம் சல்பேட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் உறையவைத்த மெத்தென்ற வகையில் கால்சியம் குறைவு. ஸ்பினாச் கீரை ஏமாற்றும்: அதிலுள்ள ஆக்ஸலேட் பிடித்துவைப்பதால் நூற்றுக்கு ஐந்து பங்கு கால்சியம்தான் உடம்பில் சேரும். சாவிக்கீரை (கடுகு இனத்துக் கீரை) பரவாயில்லை.

மாத்திரையாக எடுத்தால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. வைட்டமின் டி குறைந்தால் கால்சியம் குடலிலிருந்து உடம்பில் சரியாகச் சேராமல் போய்விடும். வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் குடையும் நிழலுமாக இருப்பவருக்கு அது குறைவாகவே இருக்கலாம்.

கதவு நிலையில் வருடம் ஒருமுறை பென்சிலால் உயரத்தைக் குறித்து வையுங்கள். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வலியே இல்லாவிட்டாலும் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.