மீனுக்கு முன்னால் பாக்டீரியா

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வளர்ப்பு மீன் வாங்க வருகிறவர்களில் பலர் தொட்டியையும் அன்றைக்கேதான் வாங்குகிறார்கள். சாயங்காலமே தண்ணீர் நிரப்பி மீனை விட்டுவிடுகிறார்கள். பத்து நாளுக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கிறது. கடைக்காரர் நோய் மீனைத் தள்ளிவிட்டார் என்பார்கள். வீட்டுக்கு வரவிருந்த கண்டம் மீனோடு போச்சு என்பார்கள் பெரியவர்கள். இரண்டு பேச்சிலும் அம்மோனியா அடிபடுவதே இல்லை. புதுத் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் அதனால்தான்.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீவனமும் அழுகும் இலையும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஏரியில் இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டடித் தொட்டியில் மணல் போக ஐம்பது லிட்டர்கூடத் தண்ணீர் நிற்காது, அத்தனையும் அதிலேயே சேரும்.

அந்த அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியால் அவ்வளவு கெடுதல் இல்லை. அயனியாகாத அம்மோனியாதான் செவுளை அரிக்கும். எது எவ்வளவு என்பதை பிஎச்-சும் (தண்ணீரின் அமில, கார அளவு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. பிஎச் 8 ஆனால் ஏழு பங்கைத் தாண்டிவிடும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், கடினமாகவும் இருக்கும், பிஎச்-சும் பெரும்பாலும் ஏறியே இருக்கும். கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். அதனால் வேறு ஊர்க்காரர் சொல்லும் ‘கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை’ என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பதை 1890 வாக்கில் காட்டியவர் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இரண்டாவது வேலையைத் தொட்டிகளில் செய்வது நைட்ரோபாக்டர் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். அங்கே முக்கியமாக உழைப்பது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் தெரிந்தது. இரண்டு வேலையையும் ஒரே செல்லில் முடிக்கும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்பது 2015-ல்தான் வெளிவந்தது. நடுவில் வரும் நைட்ரைட் லேசானதல்ல. ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கும். செவுள் பழுப்பேறும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. குடலில் வாழும் ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்றால் இவற்றுக்குப் பல மணி நேரம், சமயத்தில் ஒரு நாளே பிடிக்கும். அதனால்தான் மீன் விடுவதற்கு முன் மூன்று முதல் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறோம். தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை (பாக்டீரியா முக்கியமாகக் குடியேறுவது அதில்தான்) ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா வரும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியாக் குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும். சில நாள் கழித்து அது மீண்டும் மஞ்சளுக்கு வர, நைட்ரைட் குழாய் வெளிர்நீலத்திலிருந்து ஊதாவாகும். இந்த ஊதா வாரக்கணக்கில் அசையாது, பலர் பொறுமை இழப்பது இங்கேதான். தீவனம் தொடர்ந்து விழுந்தும் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்று, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக்கூடக் குறையும்.

நம் கடினத் தண்ணீருக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அம்மோனியா நைட்ரேட் ஆகும்போது அமிலம் உண்டாகிறது. அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கு, அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) ஏழு மில்லிகிராம் அளவு செலவாகும். போர் தண்ணீரின் பைகார்பனேட் அதைத் தாங்கிக்கொள்ளும். சுத்தமாக இருக்கட்டும் என்று வெறும் கேன் தண்ணீர் ஊற்றினால் தாங்க ஆளில்லை. பிஎச் 6-க்கு இறங்கினால் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றே போகும். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: ஒரு இரவு ஏர் பம்ப் ஓடவிட்டால் போய்விடும், அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு. ஸ்பாஞ்சை மட்டும் எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் கழுவினால் வாரக்கணக்காக வளர்த்தது போய்விடும். கடையில் சேர்த்துத் தரும் நீல மருந்தை எடுத்ததற்கெல்லாம் ஊற்றுவதும் வேண்டாம். மெத்திலீன் புளூ இந்த பாக்டீரியாவையும் முடக்கும். நோய் வந்த மீனுக்குத் தனி பக்கெட்டில் வைத்தியம் பார்க்கலாம்.

சரி, செடி எதற்கு? அழகுக்கு மட்டும் இல்லை. பெரும்பாலான நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். வேலம்பாசி, வாலிஸ்நேரியா போன்ற வேகமாக வளர்கிறவற்றை நெருக்கமாக நட்டால் பாக்டீரியாவுக்குப் பெரிய துணை. அனுபியாஸ் மெதுவாக வளரும். அதை நம்பி மீன் விட முடியாது. நீருக்கு மேலே வளர்த்து விற்ற செடிகள் முதல் வாரங்களில் பழைய இலையை உதிர்க்கும். கண்ணாடி மாதிரி ஆகிக் கொழகொழக்கும் இலைகளை உடனே கிள்ளி எடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் அம்மோனியாதான். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுக்கும் என்பதால் ஏர் பம்ப்பை நிறுத்த வேண்டாம்.

மீனை ஒரே நாளில் நிரப்பாதீர்கள். முதலில் நாலைந்து கப்பி ஆண்கள். இரண்டு வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறாமல் இருந்தால் அடுத்த நாலைந்து. கப்பி, பிளாட்டி இரண்டுக்கும் நம் கடினத் தண்ணீர் பிடிக்கும். நியான் டெட்ரா மென்மையான, கொஞ்சம் அமிலத் தண்ணீரின் மீன். போர் தண்ணீரில் அதை வதைக்க வேண்டாம். தங்கமீன் அரையடிக்கு மேல் வளரும், கழிவும் அதிகம், இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது. அப்புறம் வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றிவந்தால், செடி எடுத்தது போக மிஞ்சும் நைட்ரேட்டும் சேராமல் இருக்கும்.