ஜன்னல் இருட்டாக இருக்கிறது, ரூம் மட்டும் இல்லை!

மே மாதம், ஊட்டியில் மலர்க் கண்காட்சி சமயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு லாட்ஜில் ஏறி, “வெள்ளி, சனி ரெண்டு நாளைக்கு ரூம் இருக்கா?” என்று கேட்கிறீர்கள். “இல்லீங்க சார், ஃபுல்.” வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் மாடியில் ஒரு ஜன்னல் இருட்டாக இருக்கிறது. ரிசப்ஷனில் இருந்தவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை.

லாட்ஜ்காரருக்குச் சரக்கு என்பது ஓர் அறையின் ஓர் இரவு. மண்டியில் மிஞ்சிய கேரட்டை மறுநாள் விலை குறைத்தாவது தள்ளிவிடலாம். நேற்று காலியாகக் கிடந்த இரவை இன்று யாரிடம் விற்பது? 20 அறை, 30 நாள் என்றால் மாதச் சரக்கு 600 இரவுகள். அதில் 420 போனால் 70 சதவீதம் நிரம்பியது என்று கணக்கு. அந்த 70, சனிக்கிழமை நெரிசலையும் செவ்வாய்க்கிழமை வெறுமையையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவிடும்.

சரி, இருட்டு ஜன்னலுக்கு வருவோம். இரண்டே அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 101இல் ஒருவர் வெள்ளி இரவு மட்டும் தங்குகிறார். 102இல் இன்னொருவர் சனி இரவு மட்டும். இரண்டு இரவிலும் தலா ஓர் அறை காலிதான். ஆனால் இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் காலியாக உள்ள அறை ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமைக்காரரை 101க்கு மாற்றினால் போதும், 102 உங்களுக்குக் கிடைத்துவிடும். கணிதம் இதை உறுதியாகவே சொல்கிறது: ஒரே மாதிரி அறைகளாக இருந்து, எந்த இரவிலும் பதிவுகள் அறை எண்ணிக்கையைத் தாண்டாவிட்டால், யாரையும் பாதியில் அறை மாற்றாமல் எல்லோரையும் தங்கவைக்க முடியும். ஒரே நிபந்தனை, சாவி கொடுக்கும் வரை அறை எண்ணை முடிவு செய்யக் கூடாது. “ஏரி தெரியற அதே ரூம்தான் வேணும்” என்று போன மாதமே வாக்கு வாங்கிக்கொண்டவர்களால்தான் கணக்கு இடிக்கிறது.

முழு வாடகைக்கு யாராவது வரலாம் என்று தெரிந்தே பிடித்துவைக்கும் அறையும் உண்டு. இந்தக் கணக்கு விமானத்திலிருந்து வந்தது. 1972இல் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தின் கென் லிட்டில்வுட் சொன்ன விதி அது. தள்ளுபடி வாடகை 2,000 ரூபாய், முழு வாடகை 5,000 என்றால், முழு வாடகைக்காரர் வர 40 சதவீதத்துக்கு மேல் (2,000 என்பது 5,000இல் 40 சதவீதம்) வாய்ப்பு இருக்கும்வரை கடைசி அறையைத் தள்ளுபடியில் கொடுக்காதே.

அந்த வாய்ப்பைக் கணிப்பதுதான் பாடு. முன்பு அனுபவம் போதும். இப்போது வெளியூர் வண்டிகள் மலைக்கு வர வாங்க வேண்டிய இ-பாஸையும் பார்க்க வேண்டும்: 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. திடீரென்று வந்து நிற்பவர்களை நம்பி அறையைப் பிடித்துவைப்பது அப்போது இன்னும் துணிச்சலான வேலை.

அப்புறம், இதெல்லாம் இல்லாமல் அந்த அறையில் கீசர் ரிப்பேராகவும் இருக்கலாம். ஊட்டியில் வெந்நீர் வராத அறையை யார் எடுப்பார்கள்?